மார்த்தா பேசாத நாலு நிமிடம்

"…எழுநூறு பேர் எண்டுதான் தங்கச்சி எனக்குச் சொன்னவை. எழுநூறு பேருக்குத்தான் நானும் அளந்து வைஃபைப் பெட்டி பூட்டினன். ஆனா எழுநூறு பேரும் சும்மா கையை வீசிக்கொண்டே வருவினம்? ஆளுக்கு ரெண்டு போன், ஒரு லப்டொப். அது காணாதெண்டு கையில கட்டியிருக்கிற மணிக்கூட்டுக்கும் வைஃபை வேணுமாம். மணிக்கூட்டுக்கு என்னத்துக்கு வைஃபை? நேரம் பாக்கத்தானே கட்டுறது? முதல்நாள் காலமை ஒன்பது மணிக்குத் திரையைப் பாக்கிறன், ஆயிரத்துத் தொளாயிரத்துச் சொச்சம் நிக்குது. எனக்குக் கை கால் ஓடேல்ல…"

முள்ளிக்குளம் பஸ் மன்னார் நிலையத்தை விட்டு இன்னும் அசையவே இல்லை. செலீனா ஜன்னலோரம் இடம்பிடித்து, பையை மடியில் வைத்து, கண்ணை மூடலாம் என்று நினைத்த நேரம் பக்கத்தில் வந்து அமர்ந்தவர் அவர். ஐம்பது வயதிருக்கும். காலடியில் வயர்ச் சுருள்கள் பிதுங்கும் ஒரு யூரியாப் பை. அமர்ந்ததும், "மாநாட்டுக்கு வந்தனீங்களோ?" என்று கேட்டார். செலீனா தொண்டையைத் தொட்டுக் காட்டி, கதைக்க முடியாது என்று கையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். கையாட்டலை அவர், மாநாட்டுக்கு வரவில்லை என்று எடுத்துக்கொண்டார். தொண்டையைத் தடிமன், சளி என்று எடுத்துக்கொண்டார். "இஞ்சி போட்டுக் குடியுங்கோ" என்று அதை ஒரு வரியில் முடித்துவிட்டுத் தொடங்கியவர்தான்.

அவள் மாநாட்டுக்கு வந்தவள் மட்டுமல்ல, மூன்று நாளும் அங்கே கதைத்தே தொண்டையைத் தொலைத்தவள். பதினொரு நாட்டுச் சிறு மீனவர் கூடிய மாநாடு. தமிழில் பேசியவர்களை உடனுக்குடன் ஆங்கிலமாக்கி வெளிநாட்டவரின் காதில் போட்டது செலீனா. மூன்றாம் நாள் பின்னேரம் குரல் கரகரத்தது. மறுநாள் ஒரு சொட்டுச் சத்தமும் இல்லை. ஐந்து நாளைக்கு வாயே திறக்கக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்று டொக்டர் துண்டில் எழுதிக் கொடுத்திருந்தார். பேசியே பிழைக்கிறவள், இப்போது ஒரு பேச்சுக்காரனின் பக்கத்தில் வாய் மூடி இருந்தாள்.

"நான் ஜோன்சன். பேசாலை. டவுனில கமரா பூட்டுற கடை, கண்டிருப்பீங்கள். முதல்ல கொழும்பில இருந்துதான் பெரிய கொம்பனிக்காரர் வந்து பாத்தவை. பாத்திட்டு, இது காத்தும் உப்பும், எங்களால ஏலாது எண்டு திரும்பிப் போட்டினம். பேந்துதான் என்னட்ட வந்தவை. நானும் ஓம் எண்டிட்டன். ஓம் எண்ட வாயை அண்டைக்கே தைச்சிருக்க வேணும்.

"அந்த மண்டபத்தைக் கண்டிருக்கிறீங்களோ? வெளியில வடிவு. மேல முழுக்கத் தகரம். அலை போய்த் தகரத்தில பட்டுத் திரும்பி வரும். வந்து தன்னோடயே இடிபடும். இருவத்தாறு பெட்டி பூட்டினன் தங்கச்சி. சாப்பாட்டுக் கோப்பையைக் கவிட்டு ஒட்டின மாதிரி சீலிங்கில வெள்ளையா இருக்குமே, அது. பூட்டினாப்போல காணுமோ? பக்கத்துப் பக்கத்துப் பெட்டி ரெண்டும் ஒரே அலைவரிசையில கதைக்கக் கூடாது. கதைச்சா, கலியாண வீட்டில ரெண்டு மாமிமார் ஒரே நேரத்தில வாய் துறந்த மாதிரி, ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. அப்ப இதுக்கு ஒரு அலை, அங்கால உள்ளதுக்கு இன்னொரு அலை எண்டு பிரிச்சு, லப்டொப்பைக் கையில ஏந்திக்கொண்டு கதிரை கதிரையா நடந்து, எந்த மூலையில வலு, எந்த மூலையில சோர்வு எண்டு குறிச்சு… நாலு நாள். என்ர மனிசி சொல்லுறா, இந்த நடையை ரோட்டில நடந்திருந்தா மடு மாதா கோயிலுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம், புண்ணியமாவது கிடைச்சிருக்கும் எண்டு."

பஸ் குலுங்கிக்கொண்டு புறப்பட்டது. பாலத்தில் ஏறியதும் ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் ஒன்றாகக் கிடுகிடுத்தன. அந்தச் சத்தத்தில் இவர் நிறுத்துவார் என்று செலீனா நம்பினாள். அவர் குரலைத்தான் உயர்த்தினார்.

"சாப்பாட்டுப் பந்தலுக்கு இழுத்த கேபிளில கழுதை படுத்திருக்குது. நாலு கழுதை. கலைச்சா எழும்பி, கேபிளைக் காலில மாட்டிக்கொண்டு போகுது. வந்த ஆக்கள் அதைப் படம் எடுக்கினம். எடுத்த படத்தை ஊருக்கு அனுப்ப வைஃபை இல்லையாம், என்னட்ட வருகினம். கேபிள் கழுதையின்ர காலில எண்டு நான் எந்த மொழியில சொல்லுறது?

"மற்றது, இந்த வேலையில ஒரு விசேசம் இருக்கு, கேளுங்கோ. எல்லாம் ஒழுங்கா ஓடேக்க ஒருத்தரும் எட்டியும் பாக்கமாட்டினம். மேடைக்குப் பின்னால ஒரு கதவில்லாத அறை, அதுக்குள்ள நானும் ஒரு திரையும் ஒரு ஃபானும். திரையில இருவத்தாறு பெட்டியும் இருவத்தாறு பச்சைப் புள்ளி. பச்சை எண்டா நல்லம். நான் பச்சையையே பாத்துக்கொண்டிருப்பன். ஒருத்தராவது வந்து, ஜோன்சன், இண்டைக்கு வைஃபை நல்லா வேலை செய்யுது, ஒரு தேத்தண்ணி குடியுங்கோ எண்டு… சீச்சீ. ஒரு புள்ளி சிவப்பானா மட்டும் ஊர் முழுக்க அந்த அறைக்குள்ள நிக்கும்."

செலீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து மொழிபெயர்க்கிறவளுக்கும் அதேதான். நன்றாகச் செய்தால் அவள் அங்கே இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. அப்படிச் சொல்லி அவருக்கு ஒரு ஆறுதல் கொடுக்கலாம் என்று நோட்டுப் புத்தகத்தைக்கூட எடுத்தாள்.

"எல்லாத்திலும் பெரிய தொல்லை ஆர் தெரியுமோ? அந்த மொழிபெயர்ப்புக்காரர்."

அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் மடியில் வைத்தாள்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்துகொண்டு கதைக்கிறவை. நான் கண்டதில்லை, நான் பின்னறையிலதானே. ஆனா அவையின்ர காதுக்கருவி இருக்கே, வெளிநாட்டு ஆக்களின்ர காதில மாட்டினது, அதுவும் ஒரு அலையிலதான் ஓடுறது. நான் பாடுபட்டுப் பிரிச்சு வைச்ச அலைக்குள்ள அதுவும் வந்து மூக்கை நுழைக்குது. போதாததுக்கு, என்ர பெட்டியிலதான் பிழை எண்டு முறைப்பாடு. ஏசி கூட, ஏசி குறைவு எண்டு அதுக்கும் என்னையே கூப்பிடுகினம். குளிரூட்டிக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம்? வாய் ஓயாமல் கதைக்கிற ஆக்களுக்கு வேற என்ன தெரியும் எண்டு விட்டிட்டன்."

வாய் ஓயாமல் கதைப்பது பற்றி ஜோன்சன் சொல்லக் கேட்கிற கொடுமையைச் செலீனா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். காதுக்கருவி ஓடுவது வேறு அலையில். ஏசி முறைப்பாடு செய்தது அவள்தான், ஆனால் மண்டபப் பொறுப்பாளரிடம். இரண்டையும் எழுதிக் காட்டியிருப்பாள். காட்டினால், அப்ப நீங்கள்தானோ என்று கேட்பார். பிறகு இரண்டாம் நாள் பதினொன்றேகால் மணிக்கு வந்து நிற்பார்.

அந்தப் பதினொன்றேகால் மணிக்காகத்தான் அவள் இன்றைக்கு முள்ளிக்குளம் போகிறாள்.

அன்று முள்ளிக்குளத்தில் இருந்து மார்த்தா என்ற பெண் வீடியோவில் பேசவேண்டியிருந்தது. வள்ளத்தில் சறுக்கிக் கால் முறிந்து மாவுக்கட்டோடு இருந்ததால் அவளால் வர முடியவில்லை. இரண்டு நாள் முன்பே செலீனா அவளோடு போனில் கதைத்து, என்ன சொல்லப் போகிறாள் என்று குறிப்பெடுத்திருந்தாள். போரில் ஓடி, தமிழ்நாட்டு முகாமில் பதினேழு வருசம் இருந்து, திரும்பி வந்து, கடலுக்குப் போகத் தொடங்கிய கதை. முடிவை மட்டும் மார்த்தா சொல்லவில்லை. "அது அண்டைக்குக் கேளும்" என்று போனை வைத்துவிட்டாள்.

அன்று மார்த்தா நன்றாகத்தான் பேசிக்கொண்டு, மீனவர் சங்கத்தில் பதியப் போன கட்டத்துக்கு வந்தாள். "சங்கத்தில என்ர பேரைக் கேட்டவங்கள். அப்ப நான் சொன்னன்…" என்றபோது பெரிய திரையில் அவள் முகம் அப்படியே உறைந்தது. சத்தம் நின்றது. அப்படி நின்றால், சத்தம் வரவில்லை என்று அறிவித்துவிட்டு ஒலிவாங்கியை மூடவேண்டும். மொழிபெயர்ப்புத் தொழிலில் முதல் பாடம் அது. கூட இருக்க வேண்டிய மற்ற மொழிபெயர்ப்பாளர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். செலீனா தனியே இருந்தாள். தொங்கிய வசனத்தை மட்டும் முடித்துவிடலாம் என்று ஒரு வசனம் சொன்னாள். அதோடு நிற்க அவளால் முடியவில்லை. இன்னொன்று வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறந்ததில் இருந்து பன்னிரண்டு வயதுவரை செலீனாவும் ஒரு முகாமில் வளர்ந்தவள். தண்ணீர்க் குழாயடியில் அம்மா வரிசையில் நின்றது, பதிவுப் புத்தகத்தில் அம்மாவின் பெயருக்குப் பதில் அப்பாவின் பெயர் எழுதப்பட்டது, எல்லாம் மார்த்தா சொல்வதாகவே வந்தது. கடைசியில், "உங்கள் நாடுகளுக்குப் போன பிறகு எங்களை மறந்துவிடாதீர்கள், கைகூப்பிக் கேட்கிறேன்" என்று முடித்தாள். நாலு நிமிடம். மண்டபத்தில் வெளிநாட்டவர் கண்ணைத் துடைத்தார்கள். காதில் கருவி இல்லாத தமிழ் ஆட்கள் மட்டும் ஊமைப்படத்தைப் பார்த்தபடி, ஸ்பீக்கர் பழுது போலும் என்று தமக்குள் முணுமுணுத்தார்கள். மற்றவர்கள் அழுவதைக் கண்டு அந்த முணுமுணுப்பும் அடங்கிவிட்டது.

நேற்றுப் பின்னேரம் ஏற்பாட்டாளர் நுஸ்ரியா அவளுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். மார்த்தா அக்காவின் கடைசி வசனத்தை அறிக்கையின் முன்னட்டையில் போடப் போகிறோம், நாளை அச்சுக்குப் போகிறது, தமிழில் சரியாக எழுதி அனுப்புங்கள் என்று.

"…கேட்டுக்கொண்டிருக்கிறீங்களோ தங்கச்சி? நித்திரையாப் போட்டீங்களோ எண்டு பாத்தன். வங்காலை தாண்டியாச்சு.

"இப்ப நான் போறது முள்ளிக்குளத்துக்கு. அங்க மார்த்தா அக்கா எண்டு ஒரு ஆள். அவவை வீடியோவில காட்டவேணும் எண்டாங்கள். வேலை எல்லாத்திலும் இதுதான் கஷ்டமான வேலை, ஏனெண்டா டவர் தூரம். வீட்டுக்குள்ள ஒரு கோடு, முற்றத்துக்கு வந்தா ரெண்டு கோடு. நான் அன்ரனாவைக் கொண்டுபோய்க் கூரையில கட்டினன். கீழ அவ மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு கதிரையில இருக்கிறா. அங்கால திருப்பு, இஞ்சால திருப்பு, என்ர ஓட்டை உடைச்சிடாத. எனக்கு வேலை சொல்லித் தாறா. அம்மா, நான் இருவது வருசமா இதைச் செய்யிறன் எண்டன். அப்ப இருவது வருசமா இப்பிடியோ கட்டுறனீ எண்டு கேக்கிறா. அவிட்டுப்போட்டுத் திரும்பக் கட்டினன். அவ சொன்ன பக்கத்துக்குத்தான் மூண்டு கோடு வந்துது. அதை நான் அவவுக்குச் சொல்லேல்ல.

"அண்டைக்குப் பதினொரு மணிக்குத் தொடங்கினது. அருமையா வந்துது. பதினொண்டேகாலுக்கு நிண்டிட்டுது. நாலு நிமிசம். பேந்து நுஸ்ரியா திரையில படம் ஏன் உறைஞ்சது எண்டு கேட்டதுக்கு, டவர் எண்டு சொன்னனான். காத்து எண்டும் சொன்னனான். அதுக்குப் பிறகு மொழிபெயர்ப்புக்காரரின்ர கருவி எண்டும் ஒரு சொல்லுப் போட்டனான். மூண்டில எதையாவது நம்பட்டும் எண்டு.

"ஆனா பாருங்கோ, எனக்கு விளங்காத சாமான் இதுதான். ஒருத்தரும் ஏசேல்ல. ஒருத்தரும் அந்த அறைக்குள்ள வரேல்ல. நான் திரும்பவும் இணைக்கிறதுக்குள்ள மார்த்தா அக்கா இனி இணைப்பு வராதாக்கும் எண்டு போனை நிப்பாட்டிப் போட்டா. மண்டபத்தில எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை. நாலு நிமிசம் சத்தம் இல்லாத பேச்சுக்கு ஏன் கை தட்டுறாங்கள்? நான் பேய்முழி முழிச்சுக்கொண்டு நிக்கிறன். நுஸ்ரியா வந்து கையைப் பிடிச்சு, ஜோன்சன் அண்ணை, அந்த இணைப்புக்கு நன்றி, யாழ்ப்பாணத்தில நடக்கப்போற அடுத்த மாநாடும் நீங்கள்தான் எண்டு சொல்லுறா. நானும் ஓம் எண்டிட்டன். சொன்னன்தானே, அந்த வாயைத் தைக்கவேணும்."

செலீனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். உலகத்தில் அந்த நாலு நிமிடத்தைக் கணக்கு வைத்திருக்கிற ஒரே மனிதன் தன் தோளோடு தோள் உரச இருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவரிடம் பாதிக் கதை இருந்தது. மறு பாதி அவளிடம்.

அரிப்பில் ஆட்கள் இறங்கினார்கள். பஸ் பாதி காலியானது. ஜோன்சன் எழுந்து வேறு இருக்கைக்குப் போகவில்லை. யூரியாப் பையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கள் மாநாட்டுக்கு வராத ஆள். உங்களுக்குச் சொல்லலாம். என்ர மனிசிக்கே சொல்லேல்ல.

"அது டவர் இல்லை. காத்தும் இல்லை. ரெண்டாம் நாள் காலமை தொடக்கம் என்ர திரை சிவப்பு. ஆரோ படம் இறக்கிறாங்கள். கூட்டத்துக்கு வந்த இடத்தில சினிமாப்படம். ஒருத்தன்ர போனைக் கண்டுபிடிச்சு வெட்டினன். பேந்து இன்னொண்டு. வெட்ட வெட்ட எனக்கும் ஒரு உசார் ஏறிட்டுது. பதினொண்டேகால் போல பாக்கிறன், பேரில்லாத ஒரு மெசின். எல்லாரையும் விட மேல நிண்டு இழுக்குது. விடாமல் இழுக்குது. ஓகோ, நீ அவ்வளவு பெரிய ஆளோ எண்டு சொல்லி ஒரு அமத்து அமத்தினன். அமத்திப்போட்டுப் பிளாஸ்கில இருந்து தேத்தண்ணி ஊத்தினன். ரெண்டு வாய் குடிச்சும் போட்டன்.

"அது ஆற்ர மெசின் எண்டு நினைக்கிறீங்கள்? மேடையில இருந்த லப்டொப். மார்த்தா அக்கா வந்துகொண்டிருந்த லப்டொப். இருவத்தாறு பெட்டிக்கும் பேர் எழுதி ஒட்டினவன், அந்த ஒண்டுக்கு வைக்க மறந்துபோனன். மேடை எண்டு ஒரு சொல்லு எழுதியிருந்தாக் காணும்." அவர் தன் கையைப் பார்த்தார். "இப்ப சாமானைக் கழட்டப் போறன். அந்த மனிசி கட்டாயம் கேக்கும், என்ர பேச்சு எப்பிடி எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது, சொல்லுங்கோ?"

அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை. முள்ளிக்குளம் வரைக்கும் வெயிலைப் பற்றியும், மகளின் மாப்பிள்ளை பற்றியும், பஸ்ஸின் பின் சில்லைப் பற்றியும் கதைத்தார். செலீனா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து குலுக்கலுக்கு நடுவே எழுதிக்கொண்டிருந்தாள். சாமான் பட்டியல் என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

இறங்கியதும், "நீங்களும் இஞ்சயோ, நல்லதாப் போச்சு" என்றார். ஒழுங்கையில் திரும்பியதும் அவளும் திரும்பினாள். "ஓ, இந்தப் பக்கமோ?" என்றார். மார்த்தா வீட்டு வாசல் படலையில் கை வைத்தபோது அவள் அங்கேயும் நின்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். செலீனா நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள்.

அவர் அதை நின்றபடி வாசித்தார். ஒருமுறை வாசித்து முடித்துவிட்டு, முதல் வரிக்குப் போய்த் திரும்பவும் வாசித்தார். ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது.

"ஏசியைக் கேட்டதும் நீங்கள்தானோ?" என்றார் கடைசியில்.

அவள் தலையாட்டினாள்.

"அதைப் பற்றி நான் பெரிசா ஒண்டும் சொல்லேல்லத்தானே?"

உள்ளேயிருந்து மார்த்தாவின் குரல் வந்தது. "படலையில நிண்டு என்ன கதை? வாறதெண்டா வாங்கோ."

ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, தோள் அகன்ற பெண். மாவுக்கட்டுக் காலை ஒரு பெட்டியின் மேல் நீட்டி, கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் கணவர் கிறகரி குசினியில் இருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்து, "இருங்கோ, நண்டு கொதிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருக்கு இரண்டு வருசமாகக் கண்பார்வை மங்கல். கடல் அவளுக்கு, குசினி அவருக்கு என்று ஆகியிருந்தது.

"ஜோன்சன், என்ர பேச்சு எப்பிடி?" என்றாள் மார்த்தா. "இடையில உன்ர போன் செத்துப்போச்சு. ஆனா கை தட்டினவையாம். ஆர் இந்தப் பிள்ளை?"

ஜோன்சன் செலீனாவைப் பார்த்தார். செலீனா நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, பிறகு அவரைக் காட்டினாள். அவள் சொல்லவேண்டியதைச் சொல்ல அந்த வீட்டில் அவருடைய வாய்தான் இருந்தது.

அவர் கனைத்துக்கொண்டு வாசித்தார். "அக்கா, நான் செலீனா. உங்களோட போனில கதைச்சு எழுதினவள். அண்டைக்கு இணைப்பு நிண்ட பிறகு நீங்கள் சொல்லாததை நான் சொன்னனான். நாலு நிமிசம். நீங்கள் அழுது, கைகூப்பிக் கெஞ்சின மாதிரிச் சொன்னனான். அது உங்கட கதை இல்லை, என்ர அம்மாவின்ர கதை. ஆரையும் கேக்காமல் செய்தது. உங்கட பேரில இப்ப அது அறிக்கைப் புத்தகத்தின்ர அட்டையில வரப்போகுது. அதை நிப்பாட்ட வந்தனான். தொண்டை போட்டுது, அதால எழுதியிருக்கிறன்."

மார்த்தா ஊசியை நிறுத்தினாள். "நீயோ ஜோன்சன் செய்தது?"

"இல்லை அக்கா, இவ. நான் வாசிக்கிறன்." அவர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். மூடிய பிறகும் நின்றார். செலீனா அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் செய்தது வேற" என்றார். பிறகு சொன்னார். பஸ்ஸில் அரை மணித்தியாலம் எடுத்த கதை இங்கே நாலு வசனத்தில் முடிந்தது.

குசினியில் மூடி விழுந்த சத்தம் கேட்டது. மார்த்தா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் கைகூப்பினனானோ?" என்று செலீனாவைக் கேட்டாள்.

செலீனா தலையாட்டினாள்.

"எழுநூறு பேருக்கு முன்னால?"

மறுபடியும் தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

"இப்ப நீ அழாத, எனக்கும் சேர்த்து அண்டைக்கே அழுதிட்டாய்தானே." மார்த்தா வலையைத் தள்ளி வைத்தாள். கோபம்தான், ஆனால் அதற்குள் வேறொன்றும் இருந்தது. "கொம்மா இப்ப எங்க?"

செலீனா வானத்தைக் காட்டினாள்.

"அப்ப அக்கா, உண்மையில நீங்கள் என்ன சொல்ல இருந்தனீங்கள்?" என்று ஜோன்சன் கேட்டார். நாலு நாளாக அவருக்கும் அது தெரியாது.

"உங்களுக்கு ஏன் சொல்லவேணும்? ஒருத்தர் அமத்துவார், மற்றவ மாத்துவா. நுஸ்ரியாவுக்கே நேர சொல்லுறன். பூட்டு உன்ர சாமானை."

ஜோன்சன் கழட்ட வந்த அன்ரனாவை அப்படியே விட்டு, றவுட்டரைப் பூட்டினார். போனைத் தாங்கியில் வைத்து, கோடுகளை எண்ணினார். மூன்று. நுஸ்ரியாவை அழைத்தார். அலுவலக மேசையோடு அவள் முகம் திரையில் வந்தது.

"மார்த்தா அக்கா, சுகமோ? கால் எப்பிடி?"

"காலை விடு பிள்ளை. அட்டை அடிச்சாச்சோ?"

"பின்னேரம் போகுது அக்கா."

செலீனா போனுக்குப் பின்பக்கம், படத்தில் தெரியாத இடத்தில் இருந்தாள். அங்கேயே இருந்திருக்கலாம். மார்த்தா பேசி முடித்தால் அட்டை மாறும், ஏன் மாறியது என்று ஒருவரும் கேட்காமலும் விடலாம். அவள் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து மார்த்தாவின் பக்கத்தில் வைத்து இருந்தாள்.

"செலீனா? நீங்கள் அங்க என்ன செய்யிறீங்கள்?"

செலீனா நோட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் கமராவுக்கு முன் பிடித்தாள். எழுத்து சின்னது, பஸ் குலுக்கலில் எழுதியது. நுஸ்ரியா கண்ணைச் சுருக்கினாள். ஜோன்சன் குனிந்து தன் தலையையும் படத்துக்குள் நுழைத்து, முழுவதையும் வாசித்தார். முடித்துவிட்டு, தாளில் இல்லாததையும் சொன்னார். "இணைப்பை அமத்தினது நான்தான் நுஸ்ரியா. டவர் எண்டு சொன்னது பொய்."

நுஸ்ரியா வெகுநேரம் பேசவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று ஜோன்சன் குனிந்து கோடுகளைப் பார்த்தார். மூன்றும் இருந்தன.

"செலீனா, இது எல்லாருக்கும் எழுத்தில போகவேணும்" என்றாள் அவள் கடைசியில். "பதினொரு நாட்டுக்கும். உங்கட பேரோட. உங்கட தொழிலுக்கு இது என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியாது."

செலீனா தலையசைத்தாள்.

"ஜோன்சன் அண்ணை, யாழ்ப்பாணம் பற்றிப் பேந்து கதைப்பம்."

ஜோன்சன் ஓம் என்றுகூடச் சொல்லவில்லை.

"சரி, அட்டையில இப்ப என்ன போடுறது?" என்று நுஸ்ரியா கேட்டாள். அவள் குரல் களைத்திருந்தது.

"அதுக்குத்தானே எடுத்தனான், எழுது," என்றாள் மார்த்தா. முதுகை நிமிர்த்தி, சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "சங்கத்தில என்ர பேரைக் கேட்டவங்கள். மார்த்தா எண்டு சொன்னன். புருசன்ர பேரைச் சொல்லு, அவற்ர பேரிலதான் பதியலாம் எண்டாங்கள். அவர் வீட்டில சமைக்கிறார், பதியிறதெண்டா அதையும் சேர்த்துப் பதியுங்கோ, வள்ளம் ஓடுறது நான் எண்டு சொன்னன்." குசினிக்குள் கிறகரி சிரிப்பது கேட்டது. "மூண்டு மாசம் ஒவ்வொரு கூட்டத்திலயும் போய் முன்வரிசையில இருந்தன். நாலாம் மாசம் பதிஞ்சாங்கள். என்ர பேரில. இப்ப எங்களில பத்துப் பொம்பிளையள் பதிவில இருக்கிறம். கண்ணீர் ஒண்டும் வேண்டாம் எங்களுக்கு. நண்டு பிடிக்கிறம், கரைக்குக் கொண்டு வாறம், ஐஸ் இல்லாமல் பாதி பழுதாப் போகுது. வந்த பதினொரு நாட்டுக்காரரில ஆருக்காவது ஐஸ் அறை கட்டத் தெரியும். அதைக் கேக்கத்தான் இருந்தனான். எழுதினியோ?"

"எழுதுறன் அக்கா."

"பெரிசா எழுது. எங்களை மறந்தாலும் பறவாயில்லை, ஐஸை மறக்கவேண்டாம் எண்டு போடு."